முகமூடி நகரம் – 6: கூட்டாளி தெய்வம்

எஃபியால்டீஸைக் கொன்றது யார்?

போன வாரம் இந்தக் கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏதென்ஸ்காரர்களும் இதே இடத்தில்தான் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அரசியல்வாதியின் கொலை நடந்து சுமார் 40 வருடங்கள் கழித்து ஆன்டிஃபோன் எழுதிக்கொடுத்த ஒரு நீதிமன்ற உரை, கொலையாளிகள் இன்றுவரை அகப்படவில்லை என்று போகிறபோக்கில் சொல்கிறது. அதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' நூலில் திடீரென்று ஒரு பெயர் முளைக்கிறது: தனாக்ரா ஊர்க்காரன் அரிஸ்டோடிகஸ். ஆக, கத்தி பிடித்த கை கிடைத்துவிட்டது. அந்தக் கையை ஏவியது யார்? எதிரிகள் என்கிறார் புளூட்டார்க். எந்த எதிரிகள்? அந்தப் பட்டியலை அவரும் தரவில்லை.

செய்தவன் ஒருவன், செய்யவைத்தவன் இன்னொருவன் என்றால் குற்றம் யார் தலையில் விடியும்? இந்த வாரம் முழுக்க இந்தக் கேள்விதான் நம்மைத் துரத்தப்போகிறது. ஆனால் ஏவிவிடுகிற இடத்தில் இனி நிற்பவர்கள் அரசியல் எதிரிகள் அல்ல. தெய்வங்கள்.

கி.மு. 458, வசந்தகாலம். எஃபியால்டீஸ் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அரியோபகஸ் குன்றின் மேல் கூடிய பழைய சபையின் பல்லை அவர் பிடுங்கிவிட்டுத்தான் போயிருந்தார். முன்னாள் ஆர்க்கான்கள், அதாவது நகரத்தின் உயர் அதிகாரிகளாக இருந்தவர்கள், ஆயுள் முழுக்க உட்கார்ந்து நகரத்தை மேய்த்துக்கொண்டிருந்த சபை அது. அதிகாரங்கள் கைமாறிய பிறகு அதற்கு மிஞ்சியதில் முக்கியமானது கொலை வழக்கு விசாரணை. சபையின் பக்கம் நின்ற தளபதி சிமோன், 461-இல் பானையோட்டில் பெயர் கீறும் வாக்கெடுப்பில் தோற்று நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சிமோனின் ஆட்கள் பழிவாங்குவார்கள் என்று ஒரு பாதி ஊரும், எஃபியால்டீஸின் ஆட்கள் மிச்சத்தையும் பிடுங்குவார்கள் என்று மறுபாதி ஊரும் பயந்துகொண்டிருந்த நேரம்.

போதாக்குறைக்குப் போர். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. ஏதென்ஸின் பத்துக் குலங்களில் ஒன்றான எரெக்தெயிஸ் குலம், இந்தக் காலகட்டத்தில் ஒரே ஆண்டில் பறிகொடுத்தவர்களின் பட்டியல். சைப்ரஸ், எகிப்து, ஃபினீஷியா, ஹாலியஸ், ஈஜினா, மெகாரா என்று போர்க்களங்களின் பெயர்கள் மேலே; 170-க்கும் மேற்பட்ட மனிதர்களின் பெயர்கள் கீழே. மற்ற ஒன்பது குலங்களின் கணக்கு தனி. பட்டியலில் தெலெனிகோஸ் என்று ஒரு நிமித்திகர் இருக்கிறார். பலி விலங்கின் ஈரலையும் பறவை போகும் திசையையும் பார்த்து, படை இன்று புறப்படலாமா கூடாதா என்று சொல்கிற உத்தியோகம். படைக்கு நாள் குறித்தவர், தன் நாளைக் கோட்டைவிட்டுவிட்டார். அவருடைய தொழில்காரர் இன்னொருவர் சீக்கிரமே நம் கதைக்குள் வரப்போகிறார்.

இந்த ஊர்தான் அந்த வசந்தத்தில் டயோனிசஸ் திருவிழாவுக்காக அக்ரோபொலிஸின் தெற்குச் சரிவில் மரப் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தது. நாடகத்துக்குச் செலவு செய்தவர் அஃபிட்னாவைச் சேர்ந்த க்ஸெனோக்ளீஸ் என்ற பணக்காரர். எழுதியவர் ஈஸ்கிலஸ். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மாரத்தான் போரில் பாரசீகர்களோடு மோதியவர். அதே போரில் உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவர். அன்று காலை அவர் மேடையேற்றியது ஒன்றன் பின் ஒன்றாக வரும் மூன்று நாடகங்கள். மூன்றும் ஒரே குடும்பத்தின் கொலைக் கதை.

ஆட்டக் களத்துக்குப் பின்னால் ஒரு மரக் கட்டடம். நடுவில் கதவு. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் இப்படியொரு வாசல் தெளிவாகத் தெரிவது இதில்தான் முதன்முதலில். அந்தக் கதவின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாடகத்தில் அதற்குள் நடந்துபோகும் இரண்டு பேர் திரும்பி நடந்து வரப்போவதில்லை.

*

கூரையில் ஒரு காவல்காரன். டிராய் விழுந்துவிட்டது என்ற செய்தி மலைக்கு மலை தாவும் தீயாக வந்து சேர்கிறது. பத்து வருடப் போர் முடிந்தது, மன்னன் அகமெம்னான் வீடு திரும்பப்போகிறான். ஊர் கொண்டாட வேண்டிய நேரத்தில் பன்னிரண்டு கிழவர்கள் களத்துக்குள் வந்து, பத்து வருடத்துக்கு முன் ஆலிஸ் துறைமுகத்தில் நடந்ததைப் பாட ஆரம்பிக்கிறார்கள்.

யூபியா தீவுக்கு எதிரே குறுகலான ஜலசந்தி. நீரோட்டம் திசை மாறி மாறி அடிக்கும் இடம். ஆயிரம் கப்பல்கள் அங்கே முடங்கிக் கிடக்கின்றன. வடக்கே ஸ்ட்ரைமன் ஆற்றுப் பக்கமிருந்து வீசும் காற்று விடவில்லை. கயிறு இற்றுப்போகிறது, மரம் உளுத்துப்போகிறது, தானியம் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஆட்கள் சோர்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு சகுனம் நடந்திருந்தது: அரண்மனை அருகே இரண்டு கழுகுகள் ஒரு சூல்கொண்ட முயலைக் கிழித்துத் தின்றன. நிமித்திகன் கல்காஸ் அதற்குப் பொருள் சொன்னான். கழுகுகள் அகமெம்னானும் தம்பி மெனலாஸும். முயல், டிராய் நகரம். வெற்றி நிச்சயம். ஆனால் குட்டிகளைக் காக்கும் தெய்வமான ஆர்ட்டெமிஸுக்கு இந்த விருந்து பிடிக்கவில்லை. காற்று நின்று கப்பல் நகர வேண்டுமென்றால் மருந்து ஒன்றே ஒன்று. அகமெம்னானின் மகள் இஃபிஜீனியா.

இங்கே கொஞ்சம் நின்று, யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துவிடுவோம். விருந்தாளியாக வந்து மெனலாஸின் மனைவியைத் தூக்கிக்கொண்டு போன டிராய் இளவரசன் பாரிஸைத் தண்டிக்கச் சொல்லி படையை அனுப்புவது ஜீயஸ், விருந்தோம்பலின் காவல் தெய்வம். அந்தப் படையைத் துறைமுகத்தில் மடக்குவது அவர் மகள் ஆர்ட்டெமிஸ். ஒரு மேசையில் கையெழுத்தான கோப்பை அடுத்த மேசை மடக்கிவைப்பது நமக்குப் புதிதல்ல. இங்கே இரண்டு மேசைக்கும் நடுவில் மாட்டியது ஒரு பெண் குழந்தையின் கழுத்து. அகமெம்னான் என்ன தப்பு செய்தான்? சோஃபோகிளீஸ் பிற்பாடு எழுதிய 'எலெக்ட்ரா'வில் ஒரு காரணம் உண்டு: ஆர்ட்டெமிஸின் தோப்பில் மானை வேட்டையாடிவிட்டுப் பீற்றிக்கொண்டான். ஈஸ்கிலஸ் அந்தக் காரணத்தைத் தொடவே இல்லை. இப்படி அவர் விட்டுவிட்டதால் இந்த மனிதன் எந்த முன்குற்றமும் இல்லாமல் இரண்டு தெய்வங்களுக்கு நடுவே நிற்கிறான்.

அவன் செங்கோலால் தரையில் அடிக்கிறான். அழுகிறான். மகளைக் கொன்றாலும் பாரம், படையைக் கைவிட்டாலும் பாரம் என்று இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறான். பிறகு மனம் திரும்புகிறது. கிழவர்கள் இந்த நொடியைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது: கட்டாயம் என்ற நுகத்தடியில் அவன் கழுத்தைக் கொடுத்தான் என்கிறார்கள். நுகம் தெய்வத்தினுடையது. கழுத்தைக் கொடுத்தது அவன்.

1957-இல் இந்த நாடகத்தின் புகழ்பெற்ற ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தபோது, அதன் முன்னுரையில் டெனிஸ் பேஜ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அகமெம்னானுக்கு வேறு வழியே கிடையாது என்று அடித்துச் சொன்னார். கிரேக்கமொழியில் அவர் மலை, நான் மடு. ஆனாலும் எனக்கு இது ஒப்பவில்லை. வழியே இல்லாதவனைத் தரையில் அடித்து அழவைத்து, இரண்டு பக்கமும் பார்க்கவைக்கக் கவிஞருக்கு என்ன தலையெழுத்து? அதைவிட முக்கியம், நுகம் ஏறிய பிறகு நடப்பது. இரண்டுமே பாரம் என்று அழுதவன், சற்று நேரத்தில் பலிக்குத் துடிப்பதே நியாயம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறான். அழுதுகொண்டே செய்திருக்கலாம். ஆசைப்பட்டுச் செய்யச் சொல்லி எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

அடுத்தது அவன் வாயாலேயே வரும் ஓர் உத்தரவு. பெண்ணை ஆட்டுக்குட்டியைப் போலத் தூக்கி பலிபீடத்தின் மேல் பிடிக்கச் சொல்கிறான். வாயைக் கட்டச் சொல்கிறான். குடும்பத்தின் மேல் அவள் சாபம் எதுவும் விழுந்துவிடக் கூடாதாம். தெய்வம் கேட்ட பலி, தன் பேரில் குற்றம் இல்லை என்று அவன் உண்மையிலேயே நம்பினால் சாபத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? அந்த வாய்க்கட்டு ஒன்றே அவன் மனசாட்சியின் வாக்குமூலம்.

குங்குமப்பூ நிற ஆடை தரையில் சரிகிறது. பேச முடியாத பெண் ஒவ்வொரு முகமாகக் கண்ணால் கெஞ்சுகிறாள். அத்தனை பேரும் அவளுக்குத் தெரிந்தவர்கள்; அப்பாவின் விருந்துகளில் அவள் பாட்டைக் கேட்டவர்கள். அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, சொல்லவும் மாட்டோம் என்று கிழவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் கதவுக்குப் பின்னால் ஒருத்தி பத்து வருடமாக எதையும் நிறுத்திக்கொள்ளவில்லை.

*

அகமெம்னானின் மனைவி, இஃபிஜீனியாவின் தாய் கிளைட்டம்னெஸ்ட்ரா வாசலுக்கு வருகிறாள். தேரில் வெற்றிவீரன். தேரிலிருந்து கதவு வரை பணிப்பெண்கள் செந்நீலத் துணிகளை விரிக்கிறார்கள். கடல் நத்தையிலிருந்து எடுக்கும் சாயம்; வெள்ளிக்குச் சமமான விலை. வாருங்கள், கால் மண்ணில் படாமல் இதன் மேல் நடந்து வாருங்கள்.

அகமெம்னான் மறுக்கிறான். இதெல்லாம் தெய்வங்களுக்குச் செய்யும் மரியாதை, மனிதன் மிதித்தால் மேலிருப்பவர்களின் பொறாமை சும்மா விடாது என்று சரியாகவே சொல்கிறான். டிராயின் மன்னன் பிரியாம் ஜெயித்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்கிறாள் அவள். நடந்திருப்பான். அப்புறம் என்ன, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். ஜெயித்தவர் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் என்ன? பத்துப் பன்னிரண்டு வரிப் பேச்சுதான். செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டான்.

ஆலிஸில் இரண்டு தெய்வங்கள் நெருக்கின. இங்கே எந்தத் தெய்வமும் வாய் திறக்கவில்லை. சகுனம் இல்லை, நிமித்திகன் இல்லை, காற்றுகூட இல்லை. கூடாது என்று தெரிந்தும், தானே அதைச் சொல்லியும், நடந்துபோகிறான். இந்தக் காட்சியை ஆடம்பரக் காட்சி என்று மட்டும் பார்ப்பவர்கள் ஈஸ்கிலஸின் குறும்பைத் தவறவிடுகிறார்கள். தெய்வத்தின் கட்டாயத்தை அகற்றிவிட்டு அதே மனிதனை இன்னொரு முறை சோதனைக்கு நிறுத்துகிறார் அவர். முடிவு மாறவில்லை.

தேரில் இன்னும் ஒரு பெண் இருக்கிறாள். டிராயின் இளவரசி கசாண்ட்ரா, போரில் கிடைத்த அடிமை. ராணி கூப்பிட்டும் பதில் பேசாமல் நிற்கிறாள். மேடையில் பேசும் நடிகர்கள் இரண்டு பேராகவே இருந்த காலம் சமீபத்தில்தான் முடிந்திருந்தது. மூன்றாமவரைக் கொண்டுவந்தது சோஃபோகிளீஸ். இவள் பேசாத பாத்திரம் போலிருக்கிறது என்று கூட்டம் முடிவுகட்டும் தறுவாயில் அப்பல்லோவின் பெயரைச் சொல்லி அலறுகிறாள். வருவது தெரியும் வரம் அவளுக்கு அப்பல்லோ தந்தது. வாக்குத் தவறியதால், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் அவர் தந்ததுதான். உள்ளே தன்னை வெட்டப்போகிறார்கள் என்பது தெரிகிறது. ஓடிவிடேன் என்கிறார்கள் கிழவர்கள். தப்ப வழியில்லை. குறி சொல்பவளுக்குரிய அணிகளைக் கழற்றி மிதிக்கிறாள், கதவருகே போகிறாள், ரத்த வாடை தாங்காமல் பின்வாங்குகிறாள். பிறகு தானே உள்ளே போகிறாள். அதே கதவு. அகமெம்னான் ஒன்றும் தெரியாமல் துணிமேல் நடந்துபோனான். இவள் எல்லாம் தெரிந்து வெறும் மண்ணில் நடந்துபோனாள்.

உள்ளே அகமெம்னானின் குரல். ஒரு முறை. மறுமுறை.

*

கதவு திறக்கும்போது இரண்டு பிணங்கள். பக்கத்தில் கிளைட்டம்னெஸ்ட்ரா நிற்கிறாள், மறைக்கவில்லை, மழுப்பவில்லை. குளியல் தொட்டியில், வலை போன்ற துணியைப் போர்த்தி, மூன்று வெட்டு. என் மகளுக்காகச் செய்தேன் என்கிறாள். கிழவர்கள் விடாமல் நெருக்க, கொஞ்ச நேரத்தில் பேச்சை மாற்றுகிறாள். இதைச் செய்தது நானே இல்லை. இந்த வீட்டைப் பிடித்த பழிதீர்க்கும் ஆவி, அகமெம்னானின் மனைவி உருவில் வந்து செய்தது.

அந்த ஆவிக்கு ஒரு ஜாதகம் உண்டு. அகமெம்னானின் அப்பா ஏட்ரியஸ், தன் தம்பி திஸ்டீஸின் குழந்தைகளைக் கொன்று கறி சமைத்து அவனுக்கே பரிமாறியவன். தப்பிப் பிழைத்த மகன் ஏஜிஸ்தஸ்தான் இப்போது கிளைட்டம்னெஸ்ட்ராவின் காதலன். நம்மூர் வாசகருக்கு ஊழ் ஞாபகம் வரும். ஊழின் கணக்கு அவரவர் பிறவிகளைத் தொடர்ந்து வருவது. இந்தக் கணக்கோ அப்பன், பாட்டன் என்று ரத்தத்தின் வழியே இறங்குகிறது. முற்பிறவியில் நான் செய்தது என்று இங்கே யாரும் ஆறுதல் தேடிக்கொள்ள முடியாது.

கிளைட்டம்னெஸ்ட்ராவின் வாதம் புதிதும் அல்ல. செத்துக்கிடக்கும் கணவனே இதில் அவளுக்கு முன்னோடி. ஹோமரின் இலியட்டில், அக்கிலீஸை அவமதித்துப் படையை நாசத்துக்குத் தள்ளிய அகமெம்னான், சமாதானம் பேசும்போது ஜீயஸும் விதியும் பழிதீர்க்கும் தெய்வமான எரின்யஸும் சேர்ந்து என் புத்தியைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறான். சொல்லிவிட்டுக் கையோடு தெண்டத்தையும் கட்டுகிறான்: பத்துத் தாலந்து தங்கம், பன்னிரண்டு குதிரைகள், இன்னும் என்னென்னவோ. தெய்வம் செய்ய வைத்தது. கட்ட வேண்டியவன் நான். கிரேக்கனுக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. ஒடிஸியின் தொடக்கத்தில் மறுதரப்பும் வருகிறது. மனிதர்கள் எதற்கெடுத்தாலும் நம்மைக் குறைசொல்கிறார்கள் என்று ஜீயஸ் அலுத்துக்கொள்கிறார். அவர் எடுத்துக்காட்டு யார் தெரியுமா? இதே ஏஜிஸ்தஸ். அகமெம்னானைக் கொல்லாதே, அவன் மனைவியைத் தொடாதே என்று ஹெர்மஸை அனுப்பி எச்சரித்தும் கேட்கவில்லையாம்.

சரி, கிழவர்கள் ராணிக்கு என்ன பதில் சொன்னார்கள்? நீ நிரபராதி என்று யார் சாட்சி சொல்வார்கள்? முடியாது. அந்த ஆவி உனக்குக் கூட்டாளியாக வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

இது நீதிமன்றப் பேச்சு. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கொலை வழக்கு கேட்டுப் பழகியவர்கள் ஏராளம். டிராகோ வகுத்த கொலைச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. பிறகு 409-08-இல் மறுபடி கல்லில் வெட்டினார்கள், சிதைந்த அந்தக் கல் இன்றும் ஏதென்ஸில் இருக்கிறது. கையால் கொன்றவன், திட்டம் போட்டவன் இருவரையும் கொலைக்குப் பொறுப்பாளியாக்கும் சட்டம் அது. ஏவியவன் இருக்கிறான் என்பதால் வெட்டியவன் தப்ப முடியாது. வெட்டியவன் சிக்கிவிட்டான் என்பதால் ஏவியவனும் தப்ப முடியாது. எஃபியால்டீஸின் ரத்தத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊரில், இந்த வசனம் எத்தனை பேர் வயிற்றைக் கலக்கியிருக்கும்?

ஈஸ்கிலஸ் இந்தக் கயிற்றை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கப்போகிறார். ஏவியது வீட்டைப் பிடித்த பெயரில்லாத ஆவியாக இல்லாமல், கிரேக்க உலகமே படியேறிப்போய் வாக்கு கேட்கும் தெய்வமாக இருந்துவிட்டால்?

*

இரண்டாம் நாடகம். வருடங்கள் ஓடிவிட்டன. வெளியூரில் வளர்ந்த மகன் ஓரெஸ்டெஸ் வளர்ந்த ஆளாக, அப்பாவின் சமாதிக்கு வந்து நிற்கிறான். கூடவே ஒரு நண்பன், பிலாடீஸ். டெல்ஃபியில் அப்பல்லோ உத்தரவு கொடுத்துவிட்டார்: கொன்றவர்களைக் கொல். செய்யாவிட்டால் தசையை அரிக்கும் நோய், பைத்தியம், எந்தப் பலிபீடத்திலும் இடமில்லாத நாடோடி வாழ்க்கை. இதைவிட வெளிப்படையான தெய்வக் கட்டளை கிரேக்க நாடகத்தில் அபூர்வம்.

அதையெல்லாம் ஒப்பித்துவிட்டு ஓரெஸ்டெஸ் தன் போக்கில் ஒன்று சேர்க்கிறான். இந்த வாக்கை நம்பாவிட்டாலும் இந்தக் காரியத்தைச் செய்துதான் ஆக வேண்டும். அப்பா செத்த துக்கம் இருக்கிறது, சொத்து பறிபோயிருக்கிறது, டிராயை வென்ற ஊர்க்காரர்கள் இந்த ஜோடிக்குக் கீழே கிடக்கிறார்கள். தெய்வத்தின் உத்தரவு இருக்கும்போதே, அது இல்லாவிட்டாலும் செய்வேன் என்கிறவனின் குற்றத்தில் தெய்வத்தின் பங்கு எவ்வளவு? பாதியா? பாதியை அப்பல்லோ ஏற்றுக்கொண்டால், இவன் பாதி குறையுமா?

வேஷம் மாற்றி அரண்மனைக்குள் நுழைகிறான். முதலில் ஏஜிஸ்தஸ். அலறல் கேட்கிறது. வேலைக்காரன் ஒருவன் வெளியே ஓடிவந்து கத்துகிறான். கிளைட்டம்னெஸ்ட்ரா வருகிறாள், ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிடுகிறது. கோடரி எடுத்து வா என்கிறாள். கோடரி வருவதற்குள் கதவில் மகன், கையில் வாள், பின்னால் பிலாடீஸ்.

அவள் ஆடையை விலக்கி மார்பைக் காட்டுகிறாள். நீ தூக்கத்தோடு பால் குடித்த இடம் இது.

வாள் அப்படியே நின்றுவிடுகிறது. நோய் வரும், பைத்தியம் பிடிக்கும் என்ற அப்பல்லோவின் மிரட்டல் எதுவும் அவன் கையை அசைக்கவில்லை. தரையில் செங்கோலால் அடித்த அப்பனின் மகன், அப்பன் கேட்காத ஒன்றைக் கேட்கிறான். பிலாடீஸ், நான் என்ன செய்ய? அம்மாவைக் கொல்லக் கூசி விட்டுவிடட்டுமா?

கூட்டம் பிலாடீஸ் பக்கம் திரும்பியிருக்காது. அவன்தான் பேசாத பாத்திரமாயிற்றே! நாடகம் தொடங்கியதிலிருந்து நண்பன் பின்னால் நடந்து வந்ததைத் தவிர ஒரு சொல் உதிர்க்கவில்லை. பழைய உரைக்குறிப்பு ஒன்று இந்த இடத்தில் ஒரு மேடை ரகசியத்தை உடைக்கிறது: சற்று முன் கத்திக்கொண்டு ஓடிவந்த வேலைக்காரனாக நடித்தவரே உள்ளே போய் அவசரமாக முகமூடி மாற்றிக்கொண்டு பிலாடீஸாக வெளியே வந்திருக்கிறார். அதாவது, ஊமையாள் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நிற்பது பேசத் தெரிந்த நடிகர்.

ஓரெஸ்டெஸின் வாள் தாயின் கழுத்துக்கு மேல் நிற்கிறது. நாடகம் முழுக்க பிலாடீஸுக்கு எழுதப்பட்டது மூன்றே வரி. அவன் வாய் திறந்தான்.

(தொடரும்)